எதற்காக எழுதுகிறீர்கள்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வாசகர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: நீங்கள் எதற்காகக் கவிதை எழுதுகிறீர்கள்? பதில்களை எதிர்பார்த்திருந்த எனக்கு வந்து சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை கேள்விகளாகவே இருந்தன. நான் பள்ளியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன். ஆயினும் எழுதுகிறவர்கள் தங்கள் எழுத்தைப் பற்றி இவ்வளவு தயக்கத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை இந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்குமே ஊரையும் தொழிலையும் மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: விளக்குத்தூண் அருகே ஒரு துணிக்கடையில் 14 ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சேலைக்குள் மடித்து வரும் அட்டையின் வெள்ளைப் பக்கத்தில் கவிதை எழுதுவது என் வழக்கம். உடன் வேலை செய்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “கவிஞர் வர்றாரு, வழி விடுங்கப்பா” என்கிறார்கள். இதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு உரியதுதானா என்று இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.
– துணிக்கடை ஊழியர், மதுரை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தவுடன், உங்கள் தொழிலையே செய்த ஒருவர் என் நினைவுக்கு வந்தார். சங்கப் பாடல்களைப் பாடியவர்களுள் ஒருவருக்கு மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று பெயர். அறுவை என்றால் துணி. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு இதே ஊரில் துணி விற்ற ஒருவருடைய பாடல்களைக் குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அகநானூற்றிலும் நாம் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறோம். அவர் தனியாளும் அல்லர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் நகை செய்தவர். பாடல்களைத் தொகுத்தவர்கள் இவர்களுடைய தொழிலை மறைக்க நினைக்கவில்லை. பெயருக்கு முன்னால் சேர்த்தே எழுதிவைத்தார்கள். ஆகவே கவிதை யாருக்கு உரியது என்ற உங்கள் சந்தேகத்துக்கு மதுரை பழங்காலத்திலேயே பதில் சொல்லிவிட்டது.

குறுந்தொகையில் இளவேட்டனாரின் பாட்டு 185ஆம் பாட்டாக இருக்கிறது. மழைக்காற்றில் வாடிய செங்காந்தள் மலர், படம் சுருங்கிய பாம்பைப்போலப் பாறையின்மேல் கவிழ்ந்து கிடப்பதை அவர் அதில் காட்டுகிறார். பகலெல்லாம் துணியை அளந்து கிழித்துக் கொடுத்தவர், எப்போதோ மலைப்பக்கம் போனபோது கண்ட ஒரு பூவை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார். பார்த்ததை மறக்காமல் வைத்திருந்து, தக்க இடத்தில் ஒரு பெண்ணின் வாட்டத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார். இதற்குத் தேவைப்பட்டது பட்டப்படிப்பு அன்று.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில், கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு தகப்பனார் சேலையைப் பார்ப்பதற்கு முன்பு விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார் என்றும், பிறகு மகள் கவனித்துவிட்டாளோ என்று நிமிர்ந்து பார்த்தார் என்றும் இரண்டு வரிகள் எழுதியிருக்கிறீர்கள். கடைக்கு இந்தப் பக்கம் நின்று வாங்குகிற எங்களில் யாருக்கும் அது தெரிந்திராது. 14 ஆண்டுகள் அந்த இடத்தில் நின்றவருக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய வரிகள் அவை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அட்டைகள் தொலைந்துபோகும், குப்பைக்கும் போகும். வாரம் ஒரு நாள் அவற்றை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிவிடுங்கள். நண்பர்கள் கேலி செய்கிற அளவுக்கு உங்களைக் கவனிக்கிறார்கள் அல்லவா, அந்தத் தகப்பனாரைப் பற்றிய வரிகளை ஒருநாள் அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். அவர்களும் அவரைப் பார்த்திருப்பார்கள்.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், புதுக்கவிதை எழுதுகிறேன். யாப்புத் தெரியாமல் எழுதுவது கவிதையே அன்று என்கிறார் எங்கள் பேராசிரியர். யாப்புப் படித்தால் உன் சொந்தக் குரல் போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வது சரி?
– மாணவி, தல்லாகுளம்

பதில்: இருவர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பாரதியார் யாப்பிலும் எழுதினார், வசன கவிதையும் எழுதினார். ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. யாப்பைப் படிப்பதால் என்ன கிடைக்கும் என்பதை விதியாகச் சொல்வதைவிட ஒரு பாட்டைக் காட்டிச் சொல்வது எளிது. நீங்கள் மனப்பாடமாகவே அறிந்த குறுந்தொகைப் பாட்டுத்தான்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவு, நானும் நீயும் ஒருவரையொருவர் எப்படி அறிந்தோம் என்று மூன்று அடிகளில் மூன்று கேள்விகள் வருகின்றன. மூன்றும் நான்கு சீர் கொண்ட அடிகள். ஒரே நடையில் போகின்றன. நான்காம் அடியில் செம்மண்ணும் மழையும் வரும்போது மூன்று சீர்தான் இருக்கிறது. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்திய அடி, ஒரு சீர் குறைந்து வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் என்று தேர்வுக்கு எழுதியிருப்பீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘போல’ என்ற சொல்லுக்குப் பிறகு குரல் தானாக ஒரு கணம் நிற்கும். மழை மண்ணில் இறங்குவதற்கு அந்த ஒரு கணம் போதுமானதாக இருக்கிறது. பிறகுதான் நெஞ்சம் கலந்த செய்தி வருகிறது. இந்த நிறுத்தத்தைச் செவியால் அறிந்துகொண்டவர், யாப்பில்லாத கவிதையிலும் எந்த வரியை எங்கே முறிப்பது என்பதை ஊகத்துக்கு விடமாட்டார். ஒரு விடுமுறைக் காலம் முழுவதும் ஆசிரியப்பா எழுதிப் பழகுங்கள். அதன்பின் உங்கள் விருப்பம்போல எழுதுங்கள். குரல் எங்கும் போய்விடாது.

கேள்வி: என் கணவர் இறந்து 11 மாதங்கள் ஆகின்றன. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். இரவில் தூக்கம் வராதபோது மகனுடைய பழைய கணக்கு நோட்டில் எதையாவது எழுதுகிறேன். எழுதும்போது அழுகை வந்துவிடுகிறது. “எழுதி எழுதி நீயே உன்னைப் புண்ணாக்கிக்கொள்கிறாய், விட்டுவிடு அம்மா” என்கிறான் மகன். நான் எழுதுவது கவிதைதானா என்றுகூட எனக்குத் தெரியாது. என் உலகம் இருண்டுவிட்டது, கண்ணீர்தான் துணை என்பது போலத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும், ‘அகத்தியில் நீங்கள் கட்டிவிட்ட நார் இன்னும் அவிழவில்லை, கொடி அதைத் தாண்டி மேலே போய்விட்டது’ என்று எழுதியிருக்கிறேன். நான் எழுதலாமா, நிறுத்திவிடலாமா?
– குடும்பத் தலைவி, சோழவந்தான்

பதில்: எழுதுங்கள் அம்மா. உங்கள் மகன் அன்பினால் சொல்கிறார். தாய் அழுவதைப் பார்க்கிற எந்த மகனும் அழுகைக்குக் காரணமாகக் கண்ணில் படுவதை அகற்றத்தான் நினைப்பார். ஆனால் அழுகைக்குக் காரணம் அந்த நோட்டு அன்று. அமெரிக்காவில் 1986இல் வெளியான ஓர் ஆய்வை அவருக்குச் சொல்லுங்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கள் வாழ்வின் ஆழ்ந்த துயரத்தைப் பற்றித் தொடர்ந்து 4 நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் செய்தார்கள். எழுதி முடித்த அந்த நேரத்தில் அவர்கள் மனம் சோர்ந்துதான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அதனால் உண்டான உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், சாதாரணச் செய்திகளை எழுதியவர்களைக் காட்டிலும் குறைவான முறையே மருத்துவரிடம் போனார்கள். அவர்கள் எழுதியது உரைநடை, சிறிய ஆய்வும்கூட. அதை மருந்துச் சீட்டாகக் கொள்ள வேண்டாம். எழுதும்போது அழுவது எழுத்து தீங்கு செய்கிறது என்பதற்கு அடையாளமன்று என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனி, நீங்கள் எழுதுவது கவிதைதானா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் பகுதியில் சிங்கம்புணரிக்கு அருகிலுள்ள பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். மூவேந்தர் முற்றுகையிட்டுப் பாரி இறந்த பிறகு அவருடைய மகளிர் பாடிய பாட்டு புறநானூற்றில் 112ஆம் பாட்டாக இருக்கிறது. ஐந்தே அடிகள்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

அந்த மாதத்து நிலவொளியில் எங்கள் தந்தை இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவொளியில் வேந்தர்கள் மலையைக் கொண்டுவிட்டார்கள், தந்தையும் இல்லை. இவ்வளவுதான் பாட்டு. நான் எத்தனையோ ஆண்டுகள் இதை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். குரல் கம்மாமல் முடித்தது சில தடவைதான். பாட்டு முழுவதும் தேடினாலும் கண்ணீர் என்ற சொல் இல்லை, துயரம் என்ற சொல் இல்லை. ஒரு நிலவு இருக்கிறது. அதே நிலவு திரும்பவும் வந்திருக்கிறது என்பதைத் தாங்க முடியாமல் அந்தப் பெண்கள் அதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

உங்கள் நோட்டில் உலகம் இருண்டது, கண்ணீர் துணை என்று வருகிற பக்கங்கள் உண்மையானவை, அவற்றை அழிக்காதீர்கள். ஆனால் அந்தச் சொற்கள் எல்லோருடைய துக்கத்துக்கும் பொருந்துபவை. அகத்தியில் கட்டிய நாரும் அதைத் தாண்டி வளர்ந்த கொடியும் உங்கள் துக்கத்துக்கு மட்டுமே உரியவை. அவர் கை கட்டிய முடிச்சு அதே இடத்தில் நிற்க, அவர் வளர்த்த கொடி நிற்காமல் வளர்ந்து போய்விட்டது என்று நீங்கள் சொன்னபோது, பாரி மகளிரின் நிலவுக்கு எதிரே வைக்கத்தக்க ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். இதைப் பாராட்டுக்காகச் சொல்லவில்லை. அந்த வரியைக் கடிதத்தில் படித்துவிட்டு எழுந்துபோய்ச் சற்று நேரம் வாசலில் நின்றிருந்தேன். கொடிக்காலுக்குப் போகிறபோது நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே கண்ணில் படுவதை எழுதுங்கள்.

ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. 11 மாதங்களாகத் தூக்கம் சரியில்லை என்கிறீர்கள். சாப்பாடு குறைந்திருந்தாலோ, வாழ்வதில் பிடிப்பில்லை என்ற எண்ணம் வந்தாலோ, கவிதையை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. மகனையே உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரும் தந்தையை இழந்தவர்தான்.

கேள்வி: வடபழஞ்சியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். திருமண நாளுக்கு மனைவியிடம் கொடுக்கச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கவிதை எழுதி வாங்கினேன். மிக நன்றாக இருந்தது; அவளும் மகிழ்ந்தாள். “இந்த மூன்றாவது வரியில் சொன்னது எந்த மழை?” என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. நான் செய்தது தவறா?
– மென்பொறியாளர், மதுரை

பதில்: தம்பி, நீங்கள் பிறந்து வளர்ந்த ஊரில் இந்தக் கதை முன்பே நடந்திருக்கிறது. பொற்கிழிக்காகத் தருமி இறைவனிடம் ஒரு பாட்டைப் பெற்றுக்கொண்டு சங்கத்துக்குப் போனதைத் திருவிளையாடலில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு மட்டமான பாட்டு அன்று. இறையனார் பாட்டாகக் குறுந்தொகையில் 2ஆம் இடத்தில் இன்றும் நிற்கிறது. நக்கீரர் எழுந்து பொருளில் ஐயம் கேட்டபோது தருமியால் வாய் திறக்க முடியவில்லை. பாட்டில் இருந்த கூந்தலையும் தும்பியையும் அவர் நினைத்துப் பார்த்தவரே இல்லை. பாட்டைத் தந்தவரிடமே அழுதுகொண்டு திரும்பிப் போக வேண்டியிருந்தது. கதையைக் கேட்பவர்கள் நக்கீரரின் துணிவைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு எப்போதும் அந்தச் சபையில் நின்ற தருமியின் முகம்தான் நினைவுக்கு வரும்.

உங்கள் மனைவி நக்கீரரைப்போலக் குற்றம் காணக் கேட்கவில்லை. உங்கள் நினைவில் எந்த மழை தங்கியிருக்கிறது என்று அறிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார். அந்த ஆசைக்கு ஒரு பதிலைத் தர வேண்டிய கடமை உங்களுக்கு இருக்கிறது. கருவியைப் பயன்படுத்தியதைப் பெருங்குற்றமாக்க நான் விரும்பவில்லை. வாழ்த்து அட்டையில் அச்சிட்ட வரிகளை வாங்கிக் கொடுத்தவர்கள்தாம் நாம் எல்லோரும். ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பிறகு, நீங்கள் இருவரும் உண்மையாகவே நனைந்த ஒரு மழையை நினைவுபடுத்திக்கொண்டு நான்கு வரி எழுதிக் கொடுங்கள். எந்தப் பேருந்து நிறுத்தம், யார் கையில் குடை இருந்தது, என்ன பேசினீர்கள் என்பது அதில் வரட்டும். எதுகை அமையாவிட்டாலும், நடை தட்டினாலும் கவலையில்லை. அவர் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் உங்களால் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயது, எழுதப் படிக்கத் தெரியாது. சாவு வீட்டில் அவர் ஒப்பாரி சொன்னால் ஊரே நின்று கேட்கும். அதை எழுதிவைக்க எனக்கு ஆசை. “அதையெல்லாம் வீட்டில் எழுதி வைப்பது நல்லதில்லை” என்கிறார் அண்ணன். அதைக் கவிதை என்று சொல்லலாமா?
– அங்கன்வாடிப் பணியாளர், உசிலம்பட்டி அருகில்

பதில்: சொல்லலாம், தயங்காமல் சொல்லலாம். இறந்தவருக்கும் தமக்கும் என்ன உறவோ அந்த முறையைச் சொல்லி அழைத்து, அவருடைய வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்து, கேட்டுப் பழகிய பழைய மெட்டுக்குள் அந்த நிமிடமே புதிய வரியை வைத்துப் பாடுகிற திறமை எளிதில் வருவதன்று. மேசைமுன் அமர்ந்து அடித்து அடித்து எழுதுகிற எங்களுக்கு அது பெரும்பாலும் கைகூடுவதில்லை. உங்கள் அம்மா எத்தனையோ வீடுகளில், அழத் தெரியாமல் உறைந்து உட்கார்ந்திருந்தவர்களை அழ வைத்திருப்பார். அவருடைய கவிதை அவர்களுக்குச் செய்தது அது.

அண்ணனுடைய அச்சத்தை ஒதுக்கித் தள்ள வேண்டாம். வாழ்கிற வீட்டுக்குள் ஒப்பாரி சொல்லக் கூடாது என்பது நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றிய எண்ணம். அம்மாவே சம்மதிக்க மாட்டார். நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கப் போகிறவர்கள் வழக்கமாகச் சந்திக்கிற தடை இது. காட்டுக்குக் களையெடுக்கப் போகும்போது வரப்பில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள், கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். யாருக்காக, எந்த வயதில், எந்த ஊரில் அந்த வரியைச் சொன்னார் என்று கேட்டு அதையும் குறியுங்கள். பின்னர் எழுதும்போது அவர் ‘ஆத்தா’ என்று சொன்னதை ‘அன்னை’ என்று திருத்திவிடாதீர்கள். படித்த பிள்ளைகள் பாசத்தோடு செய்கிற இந்தத் திருத்தத்தால் தாய்மாருடைய குரல் காகிதத்துக்கு வராமலே போய்விடுகிறது. எந்தச் சொல்லாவது புரியாவிட்டால் புரிந்ததுபோல எழுதாமல் அவரிடமே கேளுங்கள். இந்த வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.

கேள்வி: 30 ஆண்டுகளாக எழுதுகிறேன். இதழ்களுக்கு அனுப்பியவற்றில் இரண்டு மட்டுமே அச்சில் வந்தன. இப்போது ஓர் அமைப்பினர், 1,500 ரூபாய் கட்டினால் தொகுப்பு நூலில் என் கவிதையைச் சேர்த்து, மேடையில் பட்டமும் கேடயமும் தருவதாகச் சொல்கிறார்கள். அச்சில் வராத கவிதைக்கு என்ன பொருள் என்று எண்ணும்போது, கட்டிவிடலாமா என்று தோன்றுகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருமங்கலம்

பதில்: கட்ட வேண்டாம் ஐயா. அத்தகைய தொகுப்பை அதில் எழுதியவர்கள் மட்டுமே வாங்குகிறார்கள். அவர்களும் தத்தம் பக்கத்தை மட்டுமே படிக்கிறார்கள். பணம் கொடுத்தவர் அனைவருக்கும் கிடைக்கும் பட்டம் உங்கள் 30 ஆண்டு உழைப்பைப் பற்றி எதையும் சொல்லாது.

அச்சில் பார்க்க வேண்டும் என்ற ஆசை தவறு என்று நான் சொல்லவரவில்லை. பாரதியாருடைய கவிதை முதன்முதலில் அச்சேறியது நம் மதுரையில்தான். 1904 ஜூலையில், ‘விவேகபானு’ இதழில். அப்போது அவருக்கு 21 வயது. பாட்டின் பெயர் ‘தனிமை இரக்கம்’. தனிமையைப் பாடிய ஓர் இளைஞர் அந்த இதழைக் கையில் வாங்கியபோது, முன்பின் அறியாதவர்களும் தம்மைப் படிப்பார்கள் என்ற எண்ணம் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஆகவே உங்கள் ஏக்கத்தை மதிக்கிறேன்.

ஆனால் மேலே அந்த மாணவிக்கு எழுதிய பதிலில் உள்ள பாட்டைப் பாடியவர் யார்? தெரியாது. இயற்பெயர் தொலைந்துபோய், பாட்டிலிருந்த தொடராலேயே செம்புலப் பெயனீரார் என்று அழைக்கப்படுகிறார். கேட்க ஆளின்றித் தனியே வருந்தும் துயரத்தைக் குப்பைமேட்டில் விலக்குவாரின்றிச் சண்டையிடும் கோழிகளோடு ஒப்பிட்டவர் குப்பைக் கோழியார். ஈரம் காய்வதற்குள் உழுதுவிடத் துடிக்கும் ஒற்றை ஏர் உழவனைச் சொன்னவர் ஓரேருழவனார். பேரையூர்ப் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் அந்தத் துடிப்பு எப்படிப்பட்டது என்று சொல்வார்கள். பெயர் போய்விட்டது, ஊர் போய்விட்டது, ஒரு தொடர் மட்டும் நின்றுவிட்டது. அந்த 1,500 ரூபாயில் உங்கள் கவிதைகளில் நீங்களே தேர்ந்த இருபதைத் தட்டச்சு செய்து, சில படிகள் எடுத்து, கையால் தைத்து, உங்களிடம் படித்த மாணவர்களுக்கு அனுப்பிவையுங்கள். முப்பது ஆண்டுகளில் எழுதியவற்றிலிருந்து இருபதைத் தேர்வது உங்களுக்குச் சில மாத வேலை. அதைச் செய்து முடிக்கும்போது, இதழாசிரியர்கள் எதைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதும் ஒருவாறு விளங்கும். எனக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

கேள்வி: கவிதை எழுதிப் பிழைக்க முடியுமா?
– பிளஸ் டூ மாணவர், மேலூர்

பதில்: முடியாது. தமிழில் ஒரு கவிதை நூல் பெரும்பாலும் சில நூறு படிகளே அச்சாகிறது. பாரதியாரே 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்துவிட்டுத்தான் பத்திரிகை வேலைக்குச் சென்னை போனார். ஒரு தொழிலை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். துணிக்கடை நண்பரின் கடிதத்தை மறுபடியும் படியுங்கள்; எழுத வேண்டியது அந்தத் தொழிலுக்குள்ளிருந்தே கிடைக்கும்.

கேள்வி: எல்லோரையும் கேட்கிறீர்கள். நீங்கள் எழுதுவதுண்டா? உங்களுக்குக் கவிதை என்னவாக இருந்திருக்கிறது?
– பூ வியாபாரி, மாட்டுத்தாவணி

பதில்: எழுதுவதுண்டு. அதிகம் வெளியிட்டதில்லை. எனக்கு அது என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் செல்லூரில் வளர்ந்தவன். வீட்டின் முன்னறையில் குழித்தறி. அப்பா அதில் இறங்கி உட்கார்ந்தால் இரவு வெகுநேரம் எழமாட்டார். எங்களுக்குள் பேச்சு மிகக் குறைவு. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். போன பிறகு அந்தப் பேச்சும் குறைந்தது. முதலாண்டில் கல்லூரிப் போட்டிக்கு அப்பாவின் தறியைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். பரிசு கிடைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் தறியை நிறுத்திவிட்டு, “படி, கேப்போம்” என்றார். நான் படித்தேன். ‘ஊடை அறுந்த இரவில் உறங்காதிருந்தார்’ என்ற வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். பாவு என்பது தறியில் நெடுக்கே கட்டிய நூல்; ஊடை என்பது நாடாவில் வைத்த தாரிலிருந்து அதன் குறுக்கே ஓடும் நூல்.

“ஊடை அறுந்தா எதுக்குடா முழிச்சிருக்கணும்? நாடாவுல தாரை மாத்திட்டுப் போயிக்கிட்டே இருக்கலாம். அறுந்தது பாவு நூலுன்னு எழுது. பாவு அறுந்தாத்தான் தறிய நிறுத்தி, வெளக்கக் கிட்டத்துல வச்சு, இழையத் தேடி, முடிஞ்சு, அச்சுல கோக்கணும். அதுக்குத்தான் முழிச்சுக் கெடந்தேன்.”

18 ஆண்டுகள் அந்த அறையில் தூங்கி எழுந்தவன் நான். அவர் விளக்கை அருகே இழுத்து வைத்துக்கொண்டு குனிந்திருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எதற்காக என்று ஒருநாளும் கேட்டதில்லை. பரிசு கொடுத்தவர்களுக்கும் அந்தப் பிழை தெரியவில்லை. அன்று எனக்கு வந்த வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்தது வெட்கத்தைவிடப் பெரியது. இரவில் சாப்பிட்டு முடித்ததும், “இன்னிக்கு என்ன எழுதுன?” என்று கேட்கத் தொடங்கினார். ஒரு சொல் சரியா, தவறா என்று அரைமணி நேரம் பேசுவோம். தறியைப் பற்றி மட்டுமல்ல. அவருடைய அம்மாவைப் பற்றி, வைகையில் வெள்ளம் வந்த நாள்களைப் பற்றி, கூலி குறைந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிந்த விதத்தைப் பற்றி, கவிதை என்ற சாக்கு இல்லாதிருந்தால் அவர் எனக்குச் சொல்லியிருக்கவே மாட்டாத பலவற்றை அந்த இரவுகளில் சொன்னார். என்னாலும் அவற்றைக் கேட்டிருக்க முடியாது. அப்பாவும் மகனும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஒரு வரியை நடுவில் வைத்துக்கொண்டால் பேச முடிந்தது.

அவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எதை எழுதினாலும் இன்னும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். எந்த இடத்தில் அவர் கையை உயர்த்துவார் என்று பார்ப்பதற்காக.

அந்த முதலாண்டு நோட்டு என்னிடம் இருக்கிறது. அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ‘ஊடை’ என்ற சொல்லை நான் பேனாவால் அடித்திருக்கிறேன். அதன்மேல் பென்சிலால் ‘பாவு’ என்று எழுதியிருப்பது அவருடைய கையெழுத்து.